கேபிள் டிவியில் படம் ஏன் தெளிவாக இல்லை? ரெசல்யூஷனை வரிசையாகச் சரிபார்க்கும் முழு வழிகாட்டி

போன ஓணத்துக்கு முந்தின வாரம், கேரள - தமிழ்நாடு எல்லையில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் வேலந்தாவளத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கோயம்புத்தூரில் வாங்கி வந்த 43 இன்ச் ஃபோர்-கே டிவியைச் சுவரில் மாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. படம் ஓடியது, ஆனால் சீரியலில் வரும் அத்தனை பேர் முகமும் பூசணிக்காய் மாதிரி அகலமாக உப்பியிருந்தது, கீழே ஓடுகிற எழுத்தில் அடிப்பாதி வெட்டுப்பட்டிருந்தது, கண்ணாடியில் வெந்நீர் ஆவி படிந்ததுபோல மொத்தமும் மங்கல். "ஏங்கண்ணு, இதுக்கு அந்தப் பழைய டப்பா டிவியே தேவலை போல இருக்குதே" என்றார் பெரியப்பா. அவர் சொன்னதில் தப்பே இல்லை, பழைய டிவியில் உண்மையிலேயே இதைவிட நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டு நாளும் அவர் செய்தது டிவி மெனுவுக்குள் போய் பிரைட்னஸ், கலர், ஷார்ப்னஸ் என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்ததுதான். கொழிஞ்சாம்பாறை பக்கம் கேபிள் லைனில் சில வருடம் ஏணி தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், பத்தில் எட்டு வீட்டில் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அதுவோ கடைசியில் செய்ய வேண்டிய வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒரு படியில் பிழை இருக்கும்போது அதற்கு அடுத்த படியைச் சரிசெய்தால் சரியானதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது.

1. உட்காரும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

இரண்டு ரிமோட்டும் வேண்டும், டிவியுடையதும் செட்டாப் பாக்ஸுடையதும். பல வீடுகளில் பாக்ஸ் ரிமோட் ஒன்றிலேயே டிவியையும் ஆன் ஆஃப் செய்யப் பழக்கியிருப்பார்கள், டிவி ரிமோட் பேட்டரி ஒழுகி எங்கோ அலமாரியில் கிடக்கும். அதைத் தேடி எடுங்கள், அது இல்லாமல் ஏழாவது படி நடக்காது.

டிவியின் மாடல் எண்ணைப் பின்பக்க ஸ்டிக்கரிலிருந்தும், பாக்ஸின் அடிப்பக்கம் இருக்கும் எண்ணையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டின டிவி என்றால் போனைப் பின்னால் நுழைத்து எடுக்க வேண்டியதுதான். ஒரு எச்டிஎம்ஐ ஒயரும் வேண்டும், பாக்ஸிலிருந்து டிவிக்குப் படமும் சத்தமும் சேர்ந்தே போகிற ஒயர் அது. ஒன்றரை மீட்டர் ஒயர் 150, 200 ரூபாய்க்குக் கிடைப்பது போதும், தங்க முலாம் பூசியது என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை வாங்காதீர்கள். அதில் போவது டிஜிட்டல் சிக்னல், இந்த நீளத்துக்கு வந்தால் முழுதாக வரும், வராவிட்டால் படம் விட்டுவிட்டு வரும். விலை கூடின ஒயரில் கூடுதல் தெளிவு வராது.

அப்புறம் ஒரு இன்ச் டேப். எதற்கு என்று பத்தாவது படியில் சொல்கிறேன்.

2. மூன்று எண்கள், இரண்டு எழுத்துகள்

டிவி படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, ரெசல்யூஷன் என்பது அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை. எஸ்டி சேனல் என்றால் நம் நாட்டில் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள், மொத்தம் 4,14,720. எச்டி என்றால் பெரும்பாலும் 1920-க்கு 1080, அதாவது 20,73,600. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. ஃபோர்-கே டிவியின் திரையில் இருப்பது 3840-க்கு 2160, அது எஸ்டியைப்போல இருபது மடங்கு. பெரியப்பா வீட்டு டிவியில் எஸ்டி சேனல் போட்டால், வந்த ஒவ்வொரு புள்ளியையும் இருபது புள்ளியாக டிவி இழுத்து நிரப்ப வேண்டும். இல்லாத பத்தொன்பதை அது ஊகித்துத்தான் போடும். பழைய 21 இன்ச் டப்பா டிவிக்கு இந்த வேலையே இல்லை, அது அந்த 576 வரிக்கென்றே செய்த பெட்டி. பெரிய டிவி வாங்கியதும் படம் மோசமானதற்குக் காரணம் இதுதான்.

எண்ணுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் 'ஐ' அல்லது 'பி' என்று ஓர் எழுத்து வரும். 'ஐ' என்றால் ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் அடுத்தமுறை என்று பாதி பாதியாக அனுப்பிப் பின்னுவது. 'பி' என்றால் எல்லா வரியும் ஒரே தடவையில். 1080-க்குப் பக்கத்தில் 'ஐ' போட்டுத் தமிழில் எழுதினால் இரண்டாம் வேற்றுமை உருபு மாதிரி இருக்கிறது, அதனால் இங்கே 'பின்னல்' என்றும் 'முழு' என்றும் சொல்லிவிடுகிறேன். நம் கேபிளில் எஸ்டி வருவது 576 பின்னல், எச்டி வருவது பெரும்பாலும் 1080 பின்னல், இரண்டும் நொடிக்கு 50 பாதிப் படம்.

3. ரெசல்யூஷன் ஒரு இடத்தில் இல்லை, நான்கு இடத்தில் இருக்கிறது

புதிதாகப் பார்ப்பவர்கள் இடறும் இடம் இது, கொஞ்சம் நின்று படியுங்கள். கேபிள்காரர் அனுப்புகிற சேனலுக்கு ஒரு ரெசல்யூஷன், பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகிற ஒயருக்கு ஒரு வரம்பு, பாக்ஸ் மெனுவில் வெளியே அனுப்பச் சொல்லி வைத்திருப்பது ஒன்று, டிவி திரையில் இருப்பது ஒன்று. வாய்க்காலில் நான்கு மடை இருந்தால் எது குறுகலோ அதன் வழியாக எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் வயலுக்குத் தண்ணீர். மற்ற மூன்றையும் எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயனில்லை.

டிவி ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தினால் மேலே ஒரு மூலையில் 1080 என்று காட்டும், உடனே "பாருங்க, எச்டிதான் வருது" என்பார்கள். அந்த எண் பாக்ஸ் டிவிக்கு அனுப்பும் அளவு, சேனலின் அளவு அல்ல. பாக்ஸை 1080-ல் வைத்துவிட்டால் 576-ல் வந்த பழைய சேனலையும் அது இழுத்துப் பெரிதாக்கி 1080 என்று முத்திரை குத்தி அனுப்பும். அரைப்படி அரிசியை மரக்காலில் கொட்டினால் அரிசி மரக்கால் ஆகிவிடாது.

4. பாக்ஸ் எச்டிதானா?

மற்ற எல்லாம் இதைச் சார்ந்தது என்பதால் இதை முதலில் பாருங்கள். பின்பக்கம் எச்டிஎம்ஐ என்று எழுதின தட்டையான, இரண்டு முனை லேசாகச் சாய்ந்த துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் அது எஸ்டி பாக்ஸ், அத்தோடு கதை முடிந்தது. மாதம் எவ்வளவு கட்டினாலும் அதில் எச்டி வராது, பதினோராவது படிக்கு நேராகப் போய்விடுங்கள்.

துளை இருந்தால் மட்டும் எச்டி என்று அர்த்தமில்லை, இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில பாக்ஸில் துளை இருக்கும், உள்ளே எஸ்டி சேனலை மட்டும் பிரித்துக் காட்டுகிற சிப் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி, எச்டி சேனலின் எண்ணை அழுத்திப் பார்ப்பது. சந்தா இல்லை என்று செய்தி வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, பணம் கட்டும் முன் பாக்ஸ் எண்ணைச் சொல்லிக் கேபிள்காரரிடம் கேளுங்கள். சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால் பாக்ஸால் அந்தப் படத்தைப் பிரிக்க முடியவில்லை என்று சந்தேகப்படலாம். பழைய பாக்ஸ்கள் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கின படத்தை மட்டுமே விரிக்கும், எச்டி சேனல்கள் வருவது பெரும்பாலும் எம்பெக்-4 முறையில்.

பாக்ஸில் எச்டி வராது என்று சொல்லாமல், எங்கள் தெருவில் எஸ்டி பாக்ஸ் இருந்த ஒரு வீட்டில் கேபிள்காரர்கள் ஏழெட்டு மாதம் எச்டி பேக் காசு வாங்கியிருந்தார்கள். வேண்டுமென்றே செய்ததாகத் தெரியவில்லை, யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் நீங்கள் பாருங்கள்.

5. ஒயர்

பெரியப்பா வீட்டில் குற்றவாளி இங்கே இருந்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள ஏவி ஒயர், பழைய டிவியிலிருந்து அப்படியே கழற்றிப் புதியதில் செருகியிருந்தார்கள். படம் போவது மஞ்சள் ஒயர் ஒன்றில் மட்டும், சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. அந்த மஞ்சள் ஒயரில் 576 பின்னலுக்கு மேல் போகவே போகாது. பாக்ஸ் எச்டி, சேனல் எச்டி, டிவி ஃபோர்-கே, நடுவில் இந்த ஒரு மடை.

மாற்றும்போது டிவி, பாக்ஸ் இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, முதலில் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகு எச்டிஎம்ஐ ஒயரைச் செருகுங்கள். இது பயமுறுத்தச் சொல்வதில்லை. கேபிள் ஒயரின் வெளிச்சுற்றில் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கசியும் மின்சாரம் வருவது உண்டு, தொட்டால் சுருக்கென்று இருக்கும், அது எச்டிஎம்ஐ துளை வழியாக டிவி போர்டைக் கெடுத்த கதைகளை ரிப்பேர் கடையில் கேட்டால் சொல்வார்கள். மழை இருட்டும்போது, இடி தொடங்கும் முன்பே இதே ஒயரையும் கழற்றிவிட வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி இடிக்கும்போது ஒயரைத் தொடாதீர்கள்.

செருகின பிறகு கேபிள் ஒயரை மறுபடி திருகி, இரண்டையும் போட்டு, டிவியில் சோர்ஸ் மாற்றி எச்டிஎம்ஐ 1 அல்லது 2 தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பதறாமல் இரண்டையும் அணைத்து, டிவியை முதலில், பாக்ஸை அடுத்து என்று போடுங்கள், அல்லது வேறு துளைக்கு மாற்றுங்கள். பாக்ஸும் டிவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் படம் வரும், அந்த அறிமுகம் சில நேரம் தடுமாறும்.

இன்னொன்று, ஏவி ஒயரையே வைத்திருப்பவர்களுக்கு: படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் டிவி கெட்டுப்போகவில்லை. பல புது டிவிகளில் பச்சைத் துளையும் மஞ்சள் துளையும் ஒன்றாகவே இருக்கும், சோர்ஸில் 'காம்போனென்ட்' என்பதை விட்டு 'ஏவி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கலர் வந்துவிடும்.

6. பாக்ஸுக்குள் ஒரு அமைப்பு

ஒயரை மாற்றியதும் பெரியப்பா வீட்டில் படம் கொஞ்சம் தேறியது, முழுதாகத் தேறவில்லை. பாக்ஸ் மெனுவில் 576 என்றே வைத்திருந்தது. லைனில் வேலை செய்கிற பையன்கள் எந்த டிவியிலும் படம் வந்துவிட வேண்டும் என்று குறைந்த அளவில் வைத்துவிட்டுப் போவார்கள், நானும் அப்படித்தான் வைத்தேன், பத்து வீடு காத்திருக்கும்போது யார் உட்கார்ந்து மெனு பார்ப்பது.

மெனு, செட்டிங்ஸ், அதற்குள் வீடியோ அல்லது டிஸ்ப்ளே. பாக்ஸுக்குப் பாக்ஸ் பெயர் மாறும், ஆனால் ரெசல்யூஷன் அல்லது அவுட்புட் என்ற சொல் இருக்கும். அதில் 1080 பின்னல், 50 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பாக்ஸில் 1080 முழு இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் பின்னலைப் பிரித்து முழுப்படமாக்குகிற வேலையைப் பாக்ஸைவிட நல்ல டிவி ஒழுங்காகச் செய்யும் என்பது என் அனுபவம். கபடி ஆட்டக்காரர் பாய்கிறபோது கை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் அந்தப் பிரிக்கிற வேலை சரியில்லை என்று பொருள், அப்போது இன்னொன்றுக்கு மாற்றுங்கள்.

60 என்று முடிகிற எதையும் தொடாதீர்கள். நமக்கு வருவது 50, அதை 60 ஆக்க வேண்டுமென்றால் பாக்ஸ் நடுநடுவே சில படத்தைத் திரும்பக் காட்டித்தான் கணக்கை நிரப்பும். கீழே ஓடும் செய்தி வரி வழுக்கி ஓடாமல் தத்தித் தத்திப் போவதைப் பார்த்திருப்பீர்கள், பாதி நேரம் காரணம் இதுதான்.

அமைப்பை மாற்றியதும் 'இப்படியே வைக்கவா' என்று பத்துப் பதினைந்து நொடி கேட்கும், சரி என்று அழுத்தாவிட்டால் பழையதற்கே போய்விடும். மாற்றினேன் மாற்றினேன் மாறவே இல்லை என்பவர்கள் இந்தக் கேள்வியை விட்டவர்கள்.

7. டிவி பக்கம்

மாடல் எண்ணை இணையத்தில் தேடி திரையின் அளவைப் பாருங்கள். 'எச்டி ரெடி' என்று எழுதி விற்ற 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிதான், 1080 வந்தாலும் ஏறக்குறைய பாதியைத்தான் அது காட்டும். அதனால் எச்டி வீண் என்றில்லை, எஸ்டியைவிட இரண்டரை மடங்கு புள்ளி இன்னும் இருக்கிறது.

அடுத்தது படத்தின் வடிவம். எஸ்டி சேனல் சில நேரம் பழைய நாலுக்கு மூன்று வடிவத்தில் வரும், டிவி அதைப் பக்கவாட்டில் இழுத்துப் பதினாறுக்கு ஒன்பதாக்கும், அதுதான் பூசணி முகம். பாக்ஸிலும் டிவியிலும் இரண்டிலும் இந்த அமைப்பு உண்டு. பாக்ஸை 16:9 என்று வைத்துவிட்டு டிவியில் மட்டும் மாற்றுங்கள், இரண்டு இடத்திலும் மாறி மாறி இழுத்தால் யார் இழுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நாலுக்கு மூன்று வடிவில் வந்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும், இருக்கட்டும்.

கீழே ஓடும் எழுத்து வெட்டுப்படுவது வேறு வியாதி. பழைய டிவி காலப் பழக்கம், ஓரத்தில் கொஞ்சத்தை மறைத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். பிக்சர் சைஸ் மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஒரிஜினல்' என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பெயரில் இருக்கும், அதை வையுங்கள். எழுத்து முழுதாக வருவதோடு, தேவையில்லாமல் இழுபடுவது நின்று படமும் ஒரு படி கூர்மையாகும்.

இப்போதுதான் ஷார்ப்னஸ். நூற்றுக்கு ஐம்பது, அறுபது என்று இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள், படம் மங்கத் தொடங்கினால் அங்கே நிறுத்துங்கள். ஷார்ப்னஸ் புதிதாக எந்த விவரத்தையும் கொண்டுவராது, இருக்கிற ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு வரையும், எஸ்டி சேனலில் அழுக்கையும் சேர்த்துக் கோடு போடும். கடையில் பளிச்சென்று தெரிய வைத்த 'விவிட்' முறையையும் மாற்றிவிடுங்கள்.

8. சேனல்: இரண்டு சுழி, மூன்று சுழி

எல்லாம் சரிசெய்தாயிற்று, இனி வருகிற சேனல் உண்மையில் என்ன என்று பார்க்கும் நேரம். ஒரே சேனலின் இரண்டு வடிவத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், சன் டிவியும் சன் டிவி எச்டியும், அல்லது ஏசியாநெட்டும் ஏசியாநெட் எச்டியும். ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சி ஓடும்போது பார்க்க வேண்டும், வேறு வேறு நிகழ்ச்சியை ஒப்பிட்டால் கண் ஏமாற்றும்.

முகத்தைப் பார்க்காதீர்கள், மேக்கப்பும் லைட்டும் குழப்பும். எழுத்தைப் பாருங்கள். நான் எப்போதும் தேடுவது மூன்று சுழி 'ண'. சிறிய எழுத்தில் விளம்பரம், நன்றி அறிவிப்பு, பெயர்ப் பட்டியல் ஓடும்போது 'ண'-வையும் இரண்டு சுழி 'ன'-வையும் பக்கத்தில் போகாமல் பிரித்துச் சொல்ல முடிந்தால் எச்டி. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி ஒரே வட்டமாகத் தெரிந்தால் எஸ்டி, அல்லது எஸ்டியிலிருந்து இழுத்தது. 'ஞ' இன்னும் கடினமான பரீட்சை. மலையாள சேனலில் இது இன்னும் எளிது, அந்த எழுத்துகளே வளைவும் சுருளும்தானே.

பெயரில் எச்டி இருந்தும் மங்கலாக இருக்கும் நேரம் உண்டு, அப்போது கேபிள்காரரைத் திட்டாதீர்கள். இருபது வருடத்துக்கு முன் டேப்பில் எடுத்த சீரியலை எச்டி சேனலில் போட்டால் அது இழுத்துப் பெரிதாக்கின எஸ்டிதான். பழைய சினிமா வேறு, அது ஃபிலிமில் எடுத்தது, நல்ல பிரதியிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்திருந்தால் அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படம்கூடப் புதுசு மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம் நெரிசல். கேபிளில் பல சேனல் சேர்ந்து போகிற ஒரு அதிர்வெண் பட்டை 8 மெகாஹெர்ட்ஸ் அகலம், 64-குவாம் என்ற வழக்கமான அனுப்பும் முறையில் அதில் நொடிக்கு ஏறக்குறைய 38 மெகாபிட் தகவல் போகும். அதில் பத்துச் சேனல் ஏற்றினால் ஆளுக்கு 3.8, இருபது ஏற்றினால் 1.9. சபரிமலை சீசனில் பழனி பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையில் எல்லாம் 720-க்கு 576தான், ஆனால் பிட் குறைந்தால் அமைதியான காட்சி நன்றாக இருக்கும், மழை, பூத்தூவல், கூட்டம், புல்தரை வந்ததும் சதுரம் சதுரமாக உடையும். அகலத்தை 720-லிருந்து 544 என்று குறைத்து அனுப்புவதும் உண்டு. ஒரே எஸ்டி சேனல் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரியும் தெரிவதற்கு இது பெரிய காரணம்.

இவ்வளவும் பார்த்த பிறகு பெரியம்மா ரிமோட்டை வாங்கி, பல வருடமாக விரலுக்குப் பழகின பழைய எண்ணை அழுத்தினார். எஸ்டி வந்துவிட்டது. எச்டி சேனலுக்கு எண் வேறு, காசு கட்டிவிட்டு எஸ்டியே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. பிடித்த சேனல் பட்டியலில் எச்டி எண்களை மட்டும் சேர்த்து வையுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

9. சிக்னல் குறைந்தால் மங்காது, உடையும்

பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி வரும். அந்த நினைவில் இப்போதும் மங்கலாகத் தெரிந்தால் "சிக்னல் இல்லை, பூஸ்டர் வையுங்க" என்கிறார்கள். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் போதுமான அளவு இருக்கும்வரை படம் முழுதாக வரும், அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், உறையும், சத்தம் கிரீச்சிடும், அப்புறம் ஒன்றுமே வராது. மங்கலுக்குப் பூஸ்டர் மருந்தே இல்லை, பூஸ்டருக்குக் கொடுக்கும் காசு வீண்.

உடைந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். பாக்ஸ் மெனுவில் சிக்னல் என்ற பக்கத்தில் அளவும் தரமும் காட்டும், தரம் குறைவாக இருந்தால்தான் கவலை. கேபிள்காரரின் மீட்டரில் 50-லிருந்து 65 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வீட்டுக்குள் இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று சுமார் 4 டெசிபலைத் தின்னும், நாலு வழி ஸ்ப்ளிட்டர் என்றால் 7, 8. மூன்று துளை சும்மா கிடந்தாலும் தின்னும், ஒரே டிவி இருக்கிற வீட்டில் அதைப் பிடுங்கி எறியுங்கள்.

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே, ஆனி ஆடியில் தென்னை மட்டை ஒயர்மேல் தேய்த்துத் தேய்த்து உறையைக் கிழிக்கும், பின்னாலேயே சாரல் இறங்கும். மொட்டை மாடி கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று இல்லாமல் கறுத்தோ துருப்பிடித்தோ இருந்தால் ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது முனை போடச் சொல்லுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் தண்ணீரை உள்ளேயே பூட்டி வைத்த மாதிரிதான்.

10. இன்ச் டேப்

திரைக்கும் நாற்காலிக்கும் தூரம் அளங்கள். நல்ல கண்ணுக்கு, படத்தின் உயரத்தைப்போல ஆறு மடங்குக்கு அப்பால் எஸ்டியும் எச்டியும் பிரித்துத் தெரியாது. 32 இன்ச் டிவி உயரம் சுமார் 40 சென்டிமீட்டர், ஆறு மடங்கு எட்டு அடி. 43 இன்ச்சுக்குப் பத்தரை அடி. திண்ணையில் உட்கார்ந்து பன்னிரண்டு அடி தள்ளிப் பார்ப்பவர் எச்டிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, நான் அப்படி மூன்று வீட்டில் சொல்லி மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். பெரியப்பா வீட்டில் ஏழு அடி, அவருக்கு எச்டி தேவை. ஃபோர்-கே திரையின் கூடுதல் தெளிவு தெரியத் தொடங்கவே ஐந்தரை அடிக்கு உள்ளே வர வேண்டும், அது யாருக்கும் தேவையில்லை.

11. இனிதான் கேபிள்காரருக்குப் போன்

முதல் வேலையாகப் போன் செய்து "படம் சரியில்லை" என்றால் "ஒக்கெ சரியாகும் சேட்டா" (எல்லாம் சரியாகும் அண்ணா) என்று மலையாளத்தில் பதில் வரும், வேறொன்றும் வராது. மேலே உள்ளதையெல்லாம் முடித்துவிட்டு, பாக்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: "சேட்டா, இந்த பாக்ஸ்ல எம்பெக்-4 எச்டி வருங்களா? எனக்கு வேணுங்கிற சேனல் நம்ம லைன்ல எச்டியில இருக்குதுங்களா, எந்த நம்பர்ல? அதைத் தனியா எடுத்தா எவ்வளவு?" இந்த மூன்று கேள்விக்கு மழுப்ப முடியாது.

எல்லையில் இருப்பவர்கள் இரண்டாவது கேள்வியை விடவே கூடாது. கேரளப் பக்கத்து லைனில் மலையாள சேனல்களின் எச்டி நிறைய இருக்கும், தமிழில் சிலது மட்டும் இருக்கும், தமிழ்நாட்டுப் பக்கம் நேர் எதிர். செய்திச் சேனல்கள் இரண்டு பக்கமும் பெரும்பாலும் எஸ்டிதான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீடு மாறும்போது பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் லைனில் சேனலைத் திறக்காது, பூட்டு வேறு சாவி வேறு. டெபாசிட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

காசு விஷயத்தில் ஒன்று. டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் போட்ட கட்டண ஆணையில், நெட்வொர்க் கட்டணத்துக்கு (சேனல் விலை போக லைனுக்கென்று கட்டுவது) எண்ணும்போது ஒரு எச்டி சேனல் இரண்டு எஸ்டியாகக் கணக்கானது, உங்கள் லைனில் இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் மொத்த எச்டி பேக் எடுப்பதைவிட வீட்டில் உண்மையில் பார்க்கிற நாலைந்தை மட்டும் எச்டியில் எடுத்து, அதே சேனல்களின் எஸ்டியை நீக்கச் சொல்லுங்கள். நீக்கச் சொல்லாவிட்டால் இரண்டும் ஓடும், இரண்டுக்கும் காசு போகும்.

பெரியப்பா நான்கு சேனலை எச்டிக்கு மாற்றினார், செய்தி எஸ்டியிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார். கழற்றின ஏவி ஒயரைத் தூக்கிப்போட மட்டும் மனசு வரவில்லை, சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில், ஒழுகின பேட்டரி ரிமோட் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.